போகலாமா, போகலாம்: அபத்த நாடகத்து ஜோடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அபத்த நாடகங்களில் ஏன் எப்போது பார்த்தாலும் இரண்டிரண்டு பேராக வருகிறார்கள்?

கதை இல்லாததால்தான். கொலை, கல்யாணம், சொத்துத் தகராறு எதுவும் மேடையில் நடக்கப்போவதில்லை என்றால் அடுத்த வசனம் எங்கிருந்து வரும்? ஒருவர் எதையாவது கேட்க வேண்டும். மற்றவர் பதில் சொல்ல வேண்டும், அல்லது சொல்ல மறுக்க வேண்டும். மறுத்தாலும் அது ஒரு வசனம்தான். நாடகம் நகர்ந்துவிடும்.

'அபத்த நாடகம்' என்ற பெயர் நிலைத்தது 1961-ல் விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் எழுதிய புத்தகத்தால். அவர் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த நாடகாசிரியர்களான பெக்கெட், அயனெஸ்கோ, ழெனே ஆகியோர் கூடிப் பேசி இயக்கம் கண்டவர்கள் அல்லர். ஆனாலும் ஜோடியை விடாமல் பிடித்துக்கொள்ளும் பழக்கம் மூவரிடமும் இருந்தது. 1958-ல் பெக்கெட் ஒரே ஒரு பாத்திரத்தை வைத்து 'க்ராப்பின் கடைசி ஒலிநாடா' எழுதினார். அதிலும் 69 வயதுக் கிழவருக்குத் துணையாக ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டார். அதில் பேசுவது 39 வயதில் பதிவான அவருடைய குரலே. கிழவர் அதைத் திட்டுகிறார், நிறுத்துகிறார், திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறார். ஆள் கிடைக்காவிட்டால் இயந்திரமாவது எதிரே வேண்டியிருக்கிறது.

'கோதோவுக்காகக் காத்திருத்தல்' படித்ததில்லை. இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

ஒரு கிராமத்துச் சாலை, ஒரு மரம், சாயங்காலம். விளாதிமிர், எஸ்த்ரகோன் என்ற இரண்டு நாடோடிகள் கோதோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். போட்சோ என்ற முதலாளி, லக்கி என்ற வேலைக்காரனைக் கழுத்தில் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு வந்து போகிறான். பிறகு ஒரு சிறுவன் வந்து, இன்று வரமாட்டார், நாளை வருவார் என்கிறான். இரண்டாம் அங்கத்தில் அதுவே சற்று மோசமான நிலையில் மறுபடி நடக்கிறது. பெக்கெட் பிரெஞ்சில் எழுதியது. 1953 ஜனவரி 5 அன்று பாரிஸின் தெயாத்ர் து பாபிலோன் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. இயக்கிய ரோஜே ப்ளேன்தான் போட்சோவாகவும் நடித்தார்.

விளாதிமிரும் எஸ்த்ரகோனும் நண்பர்களா? நாள் முழுக்கச் சண்டைதானே போடுகிறார்கள்?

நண்பர்களா என்று கேட்டால் நாடகம் பிடி கொடுக்காது. யார் கையில் என்ன இருக்கிறது, யாருக்கு எது இல்லை என்று பாருங்கள். கணக்கு உடனே தெளியும்.

விளாதிமிரின் சட்டைப்பையில் டர்னிப்பும் ஒன்றிரண்டு கேரட்டும் இருக்கின்றன. எஸ்த்ரகோனுக்குப் பசி. விளாதிமிருக்கு நேற்று நடந்தது ஞாபகம் இருக்கிறது. எஸ்த்ரகோனுக்கு மரம்கூட ஞாபகம் இல்லை. இதை வைத்து விளாதிமிர்தான் காப்பவர், மற்றவர் காக்கப்படுபவர் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால், ஞாபகம் இருப்பவருக்கு அதை ஒப்புக்கொள்ள இன்னொருவர் வேண்டும். 'ஆமாம், நாம் நேற்று இங்கேதான் இருந்தோம்' என்று சொல்ல ஆளில்லாவிட்டால் விளாதிமிரின் ஞாபகம் வெறும் பிரமையாகிவிடும். அதனால்தான் இரண்டாம் அங்கம் முழுக்க அவர் எஸ்த்ரகோனைப் போட்டு உலுக்குகிறார்: பூட்ஸைப் பார், காலில் காயத்தைப் பார், மரத்தில் இலையைப் பார் என்று. வயிற்றுக்கு ஒருவர், சாட்சிக்கு ஒருவர். இதில் எது பெரிய தேவை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தூக்குப் போட்டுக்கொள்ளும் பேச்சை நிதானமாகப் படியுங்கள். முதலில் ஏதோ பொழுதுபோக்குப் போலத்தான் அதைப் பேசத் தொடங்குகிறார்கள். மரக்கிளை தாங்குமா என்ற சந்தேகம் வருகிறது. எஸ்த்ரகோன் மெல்ல மெல்ல ஒரு தர்க்கத்தைக் கட்டுகிறார். தான் ஒல்லி, கிளை தாங்கும், செத்துப்போவேன்; விளாதிமிர் கனம், கிளை முறியும், தனியாக நிற்பார். ஆகவே கனமானவர்தான் முதலில் தொங்கிப் பார்க்க வேண்டும். அவரைத் தாங்கினால் யாரையும் தாங்கும். இத்தனை கணக்கும் சாவைப் பற்றியது அல்ல, ஒருவர் மிஞ்சிவிடக் கூடாது என்பதைப் பற்றியது. கடைசியில் யாரும் தொங்கவில்லை. இரண்டாம் அங்கத்தில் எஸ்த்ரகோனின் இடுப்புக் கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்கள், கயிறு அறுகிறது. அதற்கு முன்பே அவருடைய கால்சட்டை கீழே விழுந்து கிடக்கிறது.

பிரிந்துவிடலாம் என்ற பேச்சு பலமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அது வேறு பேச்சாக மாறிவிடுகிறது. ஒரு இடத்தில் நேரம் போக்குவதற்காகவே ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். எஸ்த்ரகோன் வீசும் ஆகக் கொடிய வசவு 'விமர்சகர்' என்பது. விளாதிமிர் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் தோற்றுப்போகிறார். (எங்களைப் போன்றவர்களுக்கு இது தேவைதான்.) திட்டி முடித்ததும் சமாதானம் ஆகிக் கட்டிக்கொள்கிறார்கள். திட்டவும் ஒரு ஆள் வேண்டுமே.

சரி, அப்படியானால் போட்சோ-லக்கி ஜோடி? அது அடிமைத்தனம்தானே, அதில் பரஸ்பரம் எங்கே இருக்கிறது?

அடிமைத்தனம்தான், சந்தேகமே வேண்டாம். பரஸ்பரச் சார்பு என்றால் இருவரும் சமம் என்று பொருள் இல்லை. பரீட்சைத் தாள்களில் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன.

முதல் அங்கத்தில் போட்சோ தன் வேலைக்காரனைச் சந்தையில் விற்கக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். லக்கி அழுகிறான். பரிதாபப்பட்டுக் கண்ணீரைத் துடைக்கப் போன எஸ்த்ரகோனின் காலில் லக்கி ஓங்கி உதைக்கிறான். சும்மா நிற்கும்போதும் லக்கி தான் சுமக்கும் பெட்டியைக் கீழே வைப்பதில்லை என்பது எல்லோரையும் குழப்புகிறது. அதற்குப் போட்சோ தரும் விளக்கம், தன்னை விற்றுவிடாமல் இருக்க லக்கி ஆடும் நாடகம் அது என்பது. அதே போட்சோ இன்னொரு இடத்தில், லக்கி மட்டும் இல்லையென்றால் தன் எண்ணம், உணர்ச்சி எல்லாமே மட்டமானவையாகத்தான் இருந்திருக்கும் என்கிறான். அழகு என்றால் என்ன, உயர்ந்த விஷயம் என்றால் என்ன என்பதைக் காட்டித்தந்தவன் லக்கிதானாம். ஆசானைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறான்.

இரண்டாம் அங்கத்தில் போட்சோ குருடன், லக்கி ஊமை. கயிறு இப்போது முன்னைவிடக் குட்டையாக இருக்கிறது, குருடன் எளிதாகப் பின்தொடர்வதற்காக. முதல் அங்கத்தில் ஓட்டுவதற்குப் பயன்பட்ட கயிறு இப்போது வழி தெரிந்துகொள்ளப் பயன்படுகிறது. பொருள் அதேதான், வேலை தலைகீழாகிவிட்டது. லக்கி நின்றால் போட்சோ அவன்மேல் மோதுகிறான், இருவரும் சேர்ந்து விழுகிறார்கள். பெட்டிக்குள் என்ன என்று கேட்டால் மணல் என்கிறான் போட்சோ.

கல்லூரியில் இதற்கு ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் ஆண்டான்-அடிமை இயங்கியலைச் சொல்லித்தருவார்கள். 1807-ல் வந்த கருத்து: ஆண்டான் தன் அந்தஸ்துக்கே அடிமையின் அங்கீகாரத்தை நம்பியிருக்கிறான், அடிமையோ உழைப்பின் வழியாகத் தன்னை அறிந்துகொள்கிறான். முதல் பாதி அழகாகப் பொருந்துகிறது. இரண்டாம் பாதி பொருந்தவே இல்லை. லக்கி எதையும் அறிந்து மேலே வரவில்லை. பேச்சையும் இழந்து நிற்கிறான். எழுதும்போது அந்த இடைவெளியையும் சேர்த்து எழுதுங்கள்.

பெக்கெட்டின் 'எண்ட்கேம்' நாடகத்தில் க்ளோவ் ஏன் கடைசிவரை போகவில்லை?

இந்தக் கேள்விக்காகவே அந்த நாடகத்தைப் படிக்கலாம்.

ஹாம் குருடர், எழுந்து நிற்க முடியாது, சக்கர நாற்காலியில் அறையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேலை செய்யும் க்ளோவால் உட்கார முடியாது. வெளியே உலகம் ஏறக்குறைய முடிந்துபோயிருக்கிறது. 1957 ஏப்ரல் 3 அன்று லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் பிரெஞ்சு மொழியிலேயே முதலில் அரங்கேறியது. அங்கும் ரோஜே ப்ளேன்தான் இயக்குநர், அவரே ஹாம். கோதோவில் லக்கியாக நடித்த ழான் மார்த்தேன் இதில் க்ளோவ். அதாவது நான்கு ஆண்டுகளுக்கு முன் கயிற்றின் இரு முனையிலும் நின்ற அதே இரு நடிகர்கள், இந்த முறை கயிறு இல்லாமல் எதிரெதிரே நின்றார்கள்.

கயிற்றுக்குப் பதிலாக இங்கே இருப்பது உணவு அலமாரியின் பூட்டு. அதைத் திறக்கும் எண் ஹாமுக்கு மட்டுமே தெரியும். என்னை ஏன் கொல்லாமல் இருக்கிறாய் என்று ஹாம் கேட்கும்போது, அலமாரியைத் திறக்கும் எண் எனக்குத் தெரியாதே என்கிறான் க்ளோவ். மேடையில் இதற்கு ஒரு சிரிப்பு எழும். பின்னால் ஹாமே ஒரு பேரம் பேசுகிறார்: என்னை முடித்துவிடுவதாக வாக்குக் கொடு, எண்ணைச் சொல்கிறேன். க்ளோவ் தன்னால் முடியாது என்று சொல்லிவிடுகிறான். ஆக, சோறு மட்டும் காரணமில்லை என்பது அங்கே தெரிகிறது.

பிறகு என்ன காரணம்? நாடகம் பல பதில்களைச் சிதறவிடுகிறது, எதையும் உறுதிப்படுத்தவில்லை. என்னை ஏன் வைத்திருக்கிறாய் என்று க்ளோவ் கேட்கிறான். வேறு ஆள் இல்லை என்கிறார் ஹாம். வேறு இடம் இல்லை என்கிறான் க்ளோவ். அடைக்கலம் கேட்டு வந்த ஒருவனின் பிள்ளையைப் பற்றி ஹாம் விட்டுவிட்டு ஒரு கதை சொல்கிறார், அந்தப் பிள்ளைதான் க்ளோவோ என்று நமக்குச் சந்தேகம் வருகிறது. இன்னொரு இடத்தில், என்னை இங்கே பிடித்துவைத்திருப்பது என்ன என்று க்ளோவ் நேராகவே கேட்கிறான். உரையாடல், என்கிறார் ஹாம். வளர்ப்புப் பாசம், பயம், பழக்கம், பசி எல்லாவற்றையும்விட அந்தப் பதிலைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். எழுந்து போனால் நாடகமே முடிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

க்ளோவ் போனானா, செத்தானா என்று குருடர் எப்படித் தெரிந்துகொள்வார் என்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. க்ளோவ் ஒரு அலாரம் கடிகாரத்தைக் கொண்டுவருகிறான். விசில் அடித்து நான் வராவிட்டால், அலாரம் அடிக்கிறதா என்று கேள்: அடித்தால் போய்விட்டேன், அடிக்காவிட்டால் செத்துவிட்டேன். விட்டுப்போகப் போகிறவன் செய்துவைக்கும் ஏற்பாடா இது! முடிவில் அவன் தொப்பி, கோட்டு, குடை, பெட்டியோடு பயணத்துக்குத் தயாராகி வாசலருகே வந்து நிற்கிறான். ஹாம் கூப்பிடுகிறார். பதில் இல்லை. தனியாகிவிட்டதாக நினைத்து ஹாம் முடிவுரை பேசுகிறார். க்ளோவ் அங்கேயே, அவரைப் பார்த்தபடி நிற்கிறான்.

அதே நாடகத்தில் குப்பைத்தொட்டிக்குள் இருக்கும் கிழவன், கிழவி?

நாக், நெல். ஹாமின் பெற்றோர். ஆர்தென் பகுதியில் இருவர் மிதிக்கும் சைக்கிளில் போய் விபத்தில் கால்களை இழந்தவர்கள். ஆளுக்கொரு தொட்டி. முத்தமிட முயல்கிறார்கள், தலை எட்டவில்லை. நாக் தன் பிஸ்கட்டில் பெரும்பகுதியை அவளுக்காக மீத்துவைத்திருக்கிறார். பெக்கெட்டின் ஜோடிகளில் பேரம் இல்லாமல் ஒருவருக்கொருவர் எதையாவது கொடுக்க நினைப்பவர்கள் இவர்கள்தான், நெல் அதைச் சாப்பிடவில்லை என்றாலும்.

விளாதிமிரும் எஸ்த்ரகோனும் உண்மையில் ஒரே ஆளின் உடம்பும் மனசும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். சரியா?

சான்று இல்லாமல் இல்லை. விளாதிமிருக்குத் தொப்பி, எஸ்த்ரகோனுக்குப் பூட்ஸ். ஒருவர் யோசிப்பவர், மற்றவர் பசி, தூக்கம், வலி என்று இருப்பவர். 1975-ல் பெக்கெட்டே பெர்லின் ஷில்லர் அரங்கில் கோதோவை இயக்கினார். உயரமான ஒருவரையும் குட்டையான ஒருவரையும் போட்டு, இரண்டு கோட்டு-சூட்டுகளைக் கலைத்து மாட்டிவிட்டார். விளாதிமிரின் கால்சட்டை அவருடையது, கோட்டு எஸ்த்ரகோனுடைய அளவில் சின்னது. எஸ்த்ரகோனுக்கு அப்படியே எதிர்மறையாக. பார்த்த உடனேயே இருவரும் ஒன்றின் பாதிகள் என்று தெரிந்துவிடும்.

ஆனாலும் எனக்கு இந்த விளக்கம் அவ்வளவாக ஒத்துவருவதில்லை. ஒரே ஆள் என்று சொல்லிவிட்டால் பிரிந்துபோகும் ஆபத்தே இல்லாமல் போய்விடுகிறது. மரக்கிளைக் கணக்கு அர்த்தமற்றதாகிவிடும். விளாதிமிரும் உடம்பு இல்லாத மனசு அல்லர். மூத்திரத் தொந்தரவில் அவர்தானே அடிக்கடி ஓரமாக ஓடுகிறார்?

பெண் ஜோடிகளே இல்லையா?

பெக்கெட் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர். 1988-ல் நெதர்லாந்தில் பெண்களை வைத்து கோதோவை மேடையேற்றிய குழுமீது வழக்கு நடந்தது, தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. ஆனால் 'ஹாப்பி டேஸ்' நாடகத்தில் அவர் எழுதிய வின்னி, ஜோடி என்பதன் கடைசி எல்லைக்கே போய்விடுகிறாள். முதல் அங்கத்தில் இடுப்புவரை மண்ணில் புதைந்திருக்கிறாள், இரண்டாவதில் கழுத்துவரை. கணவன் வில்லி மேட்டுக்குப் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டு, கேட்டால் ஒரு சொல், இரண்டு சொல் பதில் தருகிறான். அவன் கேட்கிறான் என்றுகூட இல்லை, கேட்கக்கூடும் என்ற நினைப்பே அவளுக்குப் போதும். முடிவில் அவன் நன்றாக உடுத்திக்கொண்டு மேட்டில் ஊர்ந்து வருகிறான். கை நீள்வது அவளை நோக்கியா, பக்கத்தில் கிடக்கும் துப்பாக்கியை நோக்கியா என்பதை பெக்கெட் சொல்லவில்லை.

இதற்கு முன்பே, 1947-ல், ழெனேயின் 'பணிப்பெண்கள்' வந்துவிட்டது. க்ளேர், சொலான்ஷ் என்ற சகோதரிகள், எஜமானி வெளியே போனதும் ஒருத்தி எஜமானியாகவும் மற்றவள் வேலைக்காரியாகவும் மாறி நடித்துப் பார்க்கிறார்கள். போட்சோ-லக்கி உறவை இரண்டு வேலைக்காரிகள் தங்களுக்குள் ஒத்திகை பார்ப்பதுபோல இருக்கும். ஆனால் இங்கே விளையாட்டு உயிரை எடுக்கிறது.

1993-ல் போஸ்னியப் போரில் முற்றுகையில் இருந்த சரயேவோ நகரில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் கோதோவை இயக்கியபோது மூன்று ஜோடிகளை ஒரே மேடையில் நிறுத்தினார்: இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு ஆணும் பெண்ணும். முதல் அங்கத்தை மட்டுமே நடத்தினார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்.

இதெல்லாம் பெக்கெட்டின் தனிப் பழக்கமா? மற்றவர்கள்?

அயனெஸ்கோவின் ஜோடிகள் வேறு ரகம். 'நாற்காலிகள்' (1952) நாடகத்தில் 95 வயதுக் கணவரும் 94 வயது மனைவியும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளை வரவேற்று நாற்காலி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 75 வருடமாக அதே கதையை அவர் சொல்ல, அவள் புதிதாகக் கேட்கிறாள். கணவரை மேதை என்று நம்ப ஒருத்தி, நம்பவைக்கப்பட ஒருவர். ஒருவருடைய பொய்யை இன்னொருவர் தாங்கிப் பிடிக்கும் சார்பு இது. 'மொட்டைத்தலைப் பாடகி'யில் (1950) மார்ட்டின் தம்பதி, ஒரே ஊர், ஒரே ரயில், ஒரே வீடு, ஒரே படுக்கை என்று விசாரித்து விசாரித்து, தாங்கள் கணவன் மனைவி என்று கண்டுபிடிக்கிறார்கள். சந்தோஷமாகத் தூங்கப் போனதும் வேலைக்காரி வந்து, அது தப்பு என்கிறாள்.

இங்கிலாந்தில் பின்டர். 'டம்ப் வெயிட்டர்' நாடகத்தில் பென், கஸ் என்ற இரண்டு கூலிக் கொலையாளிகள் ஒரு நிலவறையில் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள். கஸ் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறான், பென்னுக்கு அது பிடிக்கவில்லை. கேள்வி கேட்பவனின் கதி என்ன ஆகிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் வராவிட்டால் ஜோடி பிழைக்கும், வந்துவிட்டால் உடையும். கோதோ வராததும் நல்லதுக்குத்தானோ என்று இதைப் படித்த பிறகு தோன்றியது.

கவுண்டமணி-செந்தில் மாதிரி என்று சொல்லலாமா?

தாராளமாக. பெக்கெட் எடுத்ததும் சர்க்கஸ் கோமாளிகள், மியூசிக் ஹால் இரட்டையர், லாரல்-ஹார்டி பக்கமிருந்துதான். மூன்று தொப்பிகளை இருவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் காட்சி அச்சு அசல் கோமாளி வித்தை. உதைப்பவர் இல்லாமல் உதை வாங்குபவருக்கு வேலை இல்லை, மறுபக்கமும் அப்படித்தான் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிறைக்கைதிகளுக்குக் கோதோ நாடகம் உடனே புரிந்தது என்பது உண்மையா?

1957 நவம்பர் 19 அன்று கலிபோர்னியாவின் சான் க்வென்டின் சிறையில், ஹெர்பர்ட் ப்ளாவ் இயக்கத்தில், சுமார் 1400 கைதிகள் முன்னால் நடந்தது. பெண் பாத்திரம் இல்லை என்பதும் இந்த நாடகத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். அவர்கள் அமைதியாக இருந்து பார்த்தார்கள். காத்திருத்தல் அவர்களுக்குத் தெரிந்த விஷயம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். தானாகத் தேர்ந்தெடுக்காத ஒருவரோடு நாள் முழுவதும் ஒரே அறையில் கிடப்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சிறையில் ஆயுள் கைதியாக இருந்த ரிக் க்ளச்சி பிறகு அங்கேயே நாடகக் குழு தொடங்கினார். விடுதலையான பின் பெக்கெட்டின் இயக்கத்திலேயே நடித்தார்.

எங்களிடம் இரண்டு நடிகர்கள்தான் இருக்கிறார்கள். பயிற்சிக்கு எந்தப் பகுதியை எடுக்கலாம்?

கோதோ இரண்டாம் அங்கத்தில், போட்சோ வருவதற்கு முந்தைய பகுதி. தொப்பி மாற்றுவது, திட்டிக்கொள்வது, மரம்போல ஒற்றைக்காலில் நிற்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும். இரு அங்கங்களின் கடைசி வரிகளையும் சேர்த்தே ஒத்திகை பாருங்கள். முதல் அங்கத்தில் 'போகலாமா' என்று கேட்பவர் எஸ்த்ரகோன், 'போகலாம்' என்பவர் விளாதிமிர். இரண்டாவதில் கேட்பவரும் சொல்பவரும் இடம் மாறியிருப்பார்கள். நடிகர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு. இரண்டு தடவையும் யாரும் நகர்வதில்லை.

சோகமாகப் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் தூக்கம் வந்துவிடும். வேகமாக, பந்து எறிவதுபோல வசனத்தை எறிந்து, மௌனம் என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் முழுசாக நிறுத்துங்கள். பொது மேடையில் போடுவதாக இருந்தால் உரிமை வாங்க வேண்டும். பெக்கெட் இறந்தது 1989-ல், காப்புரிமை இன்னும் நடப்பில் இருக்கிறது, வாரிசுகள் தரப்பு மேடைக்குறிப்பை மாற்றுவதற்கு எளிதில் சம்மதிக்காது.